நாலில் ஒன்று

ஆறு வருஷம் ஒரு புரதத்தோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். கல்யாணமான சிநேகிதிகள்கூட வீட்டுக்காரரோடு அவ்வளவு மல்லுக்கட்டியிருக்க மாட்டார்கள். 2006இல் சிதம்பரத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தேன். மனிதக் குடலில் வாழும் ஒரு சாதாரண பாக்டீரியாவை வளர்த்து, உடைத்து, அதற்குள்ளிருந்து ஒரு நொதியைப் பிரித்தெடுத்துப் பார்ப்பதுதான் வேலை. வெயில் பட்டுக் கெட்டுப்போன டி.என்.ஏ.வைச் சரிசெய்கிற நொதி. வீட்டில் கேட்டபோது இப்படித்தான் சொன்னேன். அம்மா அதை எடுத்துக்கொண்டு போய்த் தெரு முழுக்க, "எம்பொண்ணு வெயிலுக்கு மருந்து கண்டுபுடிக்குது" என்று சொல்லிவைத்துவிட்டாள். முதலில் இரண்டு தடவை திருத்தினேன். பிறகு விட்டுவிட்டேன். எத்தனை பேரிடம் போய்த் திருத்துவது?

எங்கள் வீடு கடலூரை ஒட்டிய ஒரு குப்பத்தில். 2004இல் அலை வந்து போனபின் கரையிலிருந்து தள்ளி வரிசையாகக் கட்டிக்கொடுத்த வீடுகளில் ஒன்று. நல்ல வீடுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் சுற்றுவட்டாரத்தில் நிழலுக்கென்று ஒரு மரம் கிடையாது. காலை எட்டு மணிக்கே தரை சுடும். அந்த வீட்டில் அம்மா, அக்கா, அக்காவின் கணவர் மூவரும் இருந்தார்கள். அக்கா கணவர் வேறு யாருமில்லை, அம்மாவின் கடைசித் தம்பி. எங்கள் தாய்மாமன். என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவர். அக்கா அவருக்குத்தான் என்பது அக்கா பிறந்த அன்றே முடிவான சங்கதி. யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரியென்றுதான் சொல்லியிருப்பாள். மாமா மேல் அவளுக்குக் கொள்ளை ஆசை.

நான் சிதம்பரம் போன வருஷமே அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நாலாம் மாதம் எண்ணெய் தேய்த்து இளவெயிலில் போட்டார்கள். அன்று சாயங்காலமே முகம் சிவந்து கன்னத்தில் கொப்புளம் வந்தது. எண்ணெய் சேரவில்லை என்று எண்ணெயை மாற்றினார்கள். அடுத்த எண்ணெயும் சேரவில்லை. வெளியே தூக்கிப்போனால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கத்துவாள். ரோஷக்காரி, அவங்க அப்பன் மாதிரி என்றார்கள். ஒன்றரை வயதில் மூக்கிலும் கன்னத்திலும் கையிலும் கடுகு தெளித்த மாதிரி கறுப்புப் புள்ளிகள் வரத் தொடங்கின. பார்த்தவர்கள் எல்லாருக்கும் சந்தோஷம். "ஒடம்பெல்லாம் மச்சம்டி ஒம்பொண்ணுக்கு, ராணி மாதிரி இருப்பா" என்று அக்காவிடம் சொன்னார்கள். நம் ஊரில் ஒருவனுக்கு அதிர்ஷ்டம் கொட்டினால் அப்படித்தானே சொல்வோம். நானும் சொன்னேன். அவளை மடியில் போட்டுக்கொண்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளிகளை எண்ணி, "எங்க வூட்லயே ஒனக்குத்தான்டி மச்சம்" என்று கொஞ்சினேன். அவள் சிரித்தாள்.

அந்த நாட்களில் சிதம்பரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று சொன்னால் என் மேல் எனக்கு வருகிற ஆத்திரம் உங்களுக்கும் வரும். ஆய்வகத்தில் இரண்டு வகை பாக்டீரியா வைத்திருந்தோம். ஒன்று முழுசானது. மற்றதில் நான் சொன்ன நொதி கிடையாது, அதற்கான ஜீனை எடுத்திருப்பார்கள். இரண்டையும் ஒரே தட்டில் கோடாக இழுத்து, பாதித் தட்டை அட்டையால் மூடி, புற ஊதா விளக்கின் கீழ் சில விநாடிகள் காட்டுவோம். மறுநாள் பார்த்தால் முழுசானது இரண்டு பாதியிலும் வளர்ந்திருக்கும். நொதி இல்லாதது அட்டை மறைத்த பாதியில் மட்டும் வளர்ந்திருக்கும். வெளிச்சம் பட்ட பாதி துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். இதை நான் எத்தனை தடவை செய்தேன் என்று கணக்கே இல்லை. வாரக் கடைசியில் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய், வெயில் பட்டு முகம் வெந்திருக்கிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு டிவி பார்ப்பேன். திங்கட்கிழமை திரும்பி வந்து மறுபடி தட்டை விளக்கடியில் வைப்பேன்.

நொதி என்று ஒருமையில் சொல்கிறேனே தவிர, மூன்று புரதங்கள் சேர்ந்து செய்கிற வேலை அது. நாங்கள் ஏ, பி, சி என்போம். புற ஊதா பட்டால் டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்த இரண்டு எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிடும். அந்த இடம் கோணிப் புடைத்து நிற்கும். ஏ ஜோடியாக வந்து இழையைத் தடவிப் பார்த்து அந்தக் கோணலைக் கண்டுபிடிக்கும். கண்டுபிடித்ததும் பி-யிடம் ஒப்படைத்துவிட்டு நகர்ந்துவிடும். பி-க்கு விரல் மாதிரி ஒரு நீட்டல் உண்டு. இரண்டு இழைகளுக்கும் நடுவே அந்த விரலை விட்டு, கெட்டது இந்த இடம்தான் என்று உறுதி பண்ணிப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் சி வந்து அந்தப் பக்கம் ஒரு வெட்டு, இந்தப் பக்கம் ஒரு வெட்டு. பன்னிரண்டு பதின்மூன்று எழுத்து நீளத்துக்கு ஒரு துண்டு கழன்று போகும். எதிர் இழையைப் பார்த்து அந்த இடத்தைப் புதிதாக நிரப்பவும் ஒட்டவும் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். என் ஆராய்ச்சி பி-யின் விரலைப் பற்றியது. அந்த விரலில் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றிவிட்டால் பி கெட்ட இடத்துக்கு வரும், ஆனால் பிடித்து நிற்காது. சி வெட்ட வராது. ஏன் அப்படி என்று எழுதிக் கொடுத்தால் எனக்குப் பட்டம்.

2009இல் என் கைடு அவருடைய எம்.எஸ்சி. வகுப்பு ஒன்றை என் தலையில் கட்டினார். டி.என்.ஏ. பழுதுநீக்கம்தானேம்மா, உனக்குத் தெரியாததா என்றார். நானும் தயாரிக்காமலே போய் நின்றேன். அந்தப் பாடத்தின் கடைசிப் பத்தி மனிதர்களுக்கு வரும் ஒரு நோயைப் பற்றியது. மனித உடம்பில் இதே வேலையைச் செய்கிற புரதங்களில் ஒன்று பிறவியிலேயே கெட்டிருந்தால் வருவது. புத்தகத்தில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தையின் படம் இருக்கும். நான் படித்த காலத்தில் அதற்குச் சிறுகுறிப்பு எழுதி ஐந்துக்கு நாலரை வாங்கியிருக்கிறேன். பாடத்தை முடிக்கிற நேரத்தில் ஒரு பெண் எழுந்து, "மேம், நம்ம ஸ்கின்ல வந்தா எப்டி இருக்கும்?" என்று கேட்டாள். "முகத்துல, கையில, கறுப்பு கறுப்பா புள்ளி வரும்மா, மச்சம் மாதிரி" என்று சொன்னேன். சொல்லிவிட்டுச் சாக்பீஸைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். அந்தப் பெண் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வகுப்பை அத்தோடு விட்டுவிட்டு நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். டாக்டரம்மா குழந்தையின் முகத்தைப் பார்த்த அடுத்த நிமிஷம், "சொந்தத்துல கல்யாணமா?" என்று கேட்டார். மாமா தலையாட்டினார். மருந்து கிடையாது, வெயில் படாமல் வளர்க்க வேண்டும் என்றார். கண்ணுக்குச் சொட்டு மருந்து, தடவ ஒரு களிம்பு, முழுக்கை சட்டை, கண்ணாடி, தொப்பி என்று எழுதிக் கொடுத்தார். தோலில் கட்டி மாதிரி எது வந்தாலும் அன்றைக்கே கூட்டிவர வேண்டும், இந்தப் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே புற்று வரும் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். படித்தவள் என்று என்னிடம் சொன்னார். மீன் பிடிக்கிற வீட்டில், மரமில்லாத தெருவில், ஒரு குழந்தையை வெயில் படாமல் எப்படி வளர்ப்பது என்று அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் அக்கா பிள்ளையை முந்தானைக்குள் மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் அம்மா, "எல்லாம் செம்மங்குப்பம் கம்பெனி காத்துதான்" என்றாள். அங்கே ரசாயனக் கம்பெனிகள் வரிசையாக இருந்தன. எங்கள் பக்கம் யாருக்கு எது வந்தாலும் முதலில் அந்தப் புகையைத்தான் சொல்வார்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என் சுபாவம் அது இல்லை. தப்பாக ஒன்றைச் சொன்னால் எனக்குப் பொறுக்காது. காற்றுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அக்காவிடமும் மாமாவிடமும் ஒரே மாதிரிக் கெட்ட ஜீன் ஒன்று இருக்கிறது, நம் முன்னோர் ஒருவரிடமிருந்து இரண்டு பேருக்கும் வந்திருக்கிறது, இரண்டும் பிள்ளையிடம் சேர்ந்துவிட்டது என்று நடுவீட்டில் நின்று பாடம் நடத்தினேன். கல்யாணத்தை முடித்துவைத்தவள் அம்மா. இரண்டு நாள் அவள் சோற்றில் கைவைக்கவில்லை. அக்கா என்னைப் பின்பக்கம் இழுத்துப்போனாள்.

"காத்துன்னே இருந்துட்டுப் போவட்டுமே. ஒனக்கு என்னாடி கொறஞ்சிபோச்சு?"

கொடியில் கிடந்த பிள்ளையின் சட்டையை உருவி மடித்தாள்.

"இனிமே பொறக்கற புள்ளைக்கும் இப்டித்தானா?" என்றாள்.

"எல்லாத்துக்கும் இல்லக்கா. நாலு புள்ள பொறந்தா ஒண்ணுக்கு வரும்."

இதை நான் அப்படியே, இதே சொற்களில்தான் சொன்னேன். வகுப்பில் எத்தனையோ தடவை சொன்ன வாக்கியம். அவள் கேட்டுக்கொண்டு, விரலை மடக்கி ஏதோ யோசித்துவிட்டு, உள்ளே போனாள். அவள் அழாமல் போனதே போதும் என்று இருந்தது எனக்கு.

மாமா வேறு ரகம். அவருக்கு விளங்கியாக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் சாக்குப் பந்தல் போட்டு, கிழிந்த வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார். என் நொதி என்ன செய்யும் என்று கேட்டார். சொன்னேன். ஏ தேடும், பி பிடிக்கும், சி இரண்டு பக்கமும் வெட்டும் என்றதும் தலையை ஆட்டினார்.

"நாங்களும் அப்டித்தானே பாப்பா. கிழிஞ்ச எடத்த மட்டும் கட்டினா நிக்காது. நல்ல கண்ணி வர வரைக்கும் சுத்தி வெட்டி எடுத்துட்டுத்தான் பின்னணும்."

என் கைடுக்குக்கூட இவ்வளவு சீக்கிரம் புரியவைத்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன். இன்னும் இரண்டு மூன்று கண்ணி பின்னினார். பிறகு நிமிராமலே கேட்டார்.

"அப்ப நம்ம புள்ளைக்கு இதுல எந்த ஆளு வேலைக்கு வரல? தேடறதா, வெட்டறதா?"

"தெரியல மாமா. அதக் கண்டுபுடிக்க வேற டெஸ்ட்டு இருக்கு. நம்ம பக்கம் இல்ல."

"ஒங்கிட்ட அந்த சாமான் டியூப் டியூபா இருக்குன்னியே. ஃப்ரிட்ஜில."

"இருக்கு."

"அதுல கொஞ்சம் புள்ளைக்குக் குடுத்தா?"

அது பாக்டீரியாவின் புரதம் மாமா, மனிதர்களுடையது வேலை ஒன்றானாலும் ஆள் வேறு, ஊசி போட்டாலும் செல்லுக்குள் போய்ச் சேராது, உடம்பு அதை எதிரியாக நினைத்து எதிர்க்கும் என்று வரிசையாகச் சொன்னேன். எல்லாம் உண்மை. அவர் கேட்டுக்கொண்டே வலையைப் பின்னினார். மறுநாள் சிதம்பரத்தில் ஃப்ரீசரைத் திறந்தேன். பெட்டி பெட்டியாக, என் கையெழுத்தில் தேதி போட்டு, பனி படர்ந்து நின்றன. ஒரு டியூபில் இருக்கிற புரதம் எத்தனையோ கோடி பாக்டீரியாவுக்குப் போதும். எங்கள் வீட்டில் ஒரே ஒரு பிள்ளைக்கு அதில் ஒரு துளிகூட உதவாது. கதவைச் சாத்தவும் மனசில்லாமல், திறந்துவைத்துக்கொண்டு நிற்கவும் முடியாமல், பின்னால் யாரோ, "மேம், கரண்ட் போற நேரம், கூலிங் போயிடும், மூடுங்க" என்று சொல்லும்வரை நின்றேன். அப்படி ஒரு கையாலாகாத்தனத்தை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை. அதற்குப் பின் அனுபவித்தேன்.

2011 ஆகஸ்டு வாக்கில் அக்கா ஃபோன் பண்ணினாள். குரலில் அப்படி ஒரு குஷி.

"ஏய், நீ மறுபடி சித்தியாவப் போற."

"என்னக்கா சொல்ற? டாக்டர்கிட்ட கேட்டியா?"

"எதுக்குக் கேக்கணும்? நீதானடி சொன்ன. நாலு புள்ளையில ஒண்ணுக்கு வரும்னு. அந்த ஒண்ணுதான் வந்துடுச்சே. இன்னும் மூணு நல்லா இருக்கும். உம்மாமாகிட்டகூட சொன்னேன், அது படிச்சதுதானே சொல்லிச்சுன்னு."

ஹாஸ்டல் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அவள் மேல் தப்பே இல்லை. நாலு பிள்ளை பிறந்தால் ஒன்றுக்கு வரும் என்றால் தமிழில் வேறு என்ன அர்த்தம்? நாலு மீனில் ஒன்று கெட்டது என்றால், அந்த ஒன்றை எடுத்துப் போட்டபின் மிச்சம் மூன்றும் நல்ல மீன்தானே. இரண்டு வருஷமாக அவள் அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு தைரியமாக இருந்திருக்கிறாள். நான் அதை எந்த நாளும் திரும்ப யோசித்துப் பார்க்கவில்லை.

"அக்கா, அது அப்டி இல்ல. ஒவ்வொரு தடவையும் மொதல்லேர்ந்து நாலுல ஒண்ணுதான். போன தடவ வந்ததுக்கும் இதுக்கும் கணக்கு கெடையாது."

அந்தப் பக்கம் பாத்திரம் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"எத்தன மாசம்னு கேளு" என்றாள்.

"எத்தன மாசம்?"

"அஞ்சு."

வயிற்றில் இருக்கும்போதே பார்க்க முடியுமா என்று அலைந்தேன். அதற்கு முதலில் பெரிய பிள்ளையிடம் எந்த ஜீனில் எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று தெரிய வேண்டும். அதை யாரும் பார்க்கவில்லை. தெரிந்த ஆய்வகங்களுக்கெல்லாம் மெயில் போட்டேன். சிலர் பதில் போடவில்லை. ஒருவர், ஆறு மாதம் ஆகலாம் என்று மரியாதையாக எழுதினார். பாக்டீரியாவில் ஒரு எழுத்தை மாற்றி அதைப் படித்துக் காட்டுவது எனக்கு ஒரு வார வேலை. கைடிடம் போய் அழுதேன். நல்ல மனுஷர். "நம்மகிட்ட மனுஷ செல் வளர்க்கவே வசதி இல்லையேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை.

அந்த வருஷக் கடைசியில் புயல் அடித்து, ஊரே இருட்டில் கிடந்த நாட்களில், ஆண் குழந்தை பிறந்தது. வெள்ளை வெளேரென்று, ஒரு புள்ளி இல்லாமல் இருந்தான். பெரியவளும் பிறந்தபோது அப்படித்தான் இருந்தாள். அக்கா அவனைப் பின்னறைக்குக் கொண்டுபோனவள்தான், வெளியே தூக்கவில்லை. ஜன்னலுக்கு இரண்டு மடிப்புப் போர்வை. கதவிடுக்கில் துணி. இளவெயில் காட்டச் சொல்லி யார் வந்து சொன்னாலும் பாய்ந்தாள். இவனுக்கு இருக்கிறதா இல்லையா என்று தெரிய எங்களிடம் இருந்தது ஒரே வழிதான், வெயிலில் காட்டிப் பார்ப்பது. அதை அவள் செய்யவிடவில்லை. இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் என்னால் உயிரோடு இருக்க முடியாது என்று என்னிடமே சொன்னாள்.

மாமா பொறுமையாகத்தான் இருந்தார். மார்ச் மாதம் நான் போயிருந்தபோது கேட்டார்.

"ஒரு காலு மட்டும், ரெண்டே நிமிஷம், காலம்பற வெயில்ல. செவந்துச்சுன்னா தெரிஞ்சிடும்ல பாப்பா? செவக்கலன்னா அந்தப் போர்வையக் கிழிச்சி எறிஞ்சிடலாம்ல? நீ சொன்னா அவ கேப்பா."

யோசித்துச் சொல்கிறேன் மாமா என்றேன். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. இரண்டு நிமிஷத்தில் பெரிய கெடுதல் எதுவும் வராது. சிவந்தால் அனேகமாகத் தெரிந்துவிடும். அக்காவைப் பேசிச் சம்மதிக்க வைத்துவிடலாம் என்றே முடிவு பண்ணிக்கொண்டு பின்னறைக்குப் போனேன்.

அக்கா குளிக்கப் போயிருந்தாள். பெரியவள் தூளியை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஐந்தரை வயது. முந்தின வருஷம் மூக்கு நுனியில் ஒரு கட்டி வந்து வெட்டி எடுத்திருந்தார்கள், அந்த இடம் குழிந்து பளபளவென்றிருக்கும். கண்ணில் எப்போதும் நீர். பள்ளிக்கூடத்தில் சேர்த்து, நாலே மாதத்தில் நிறுத்தியாகிவிட்டது. பொழுது இறங்கியபின்தான் வெளியே விடுவார்கள். அந்த நேரத்துக்குத் தெருப் பிள்ளைகள் வீட்டுக்குள் போய்விடும்.

"சித்தி, தம்பிக்கும் புள்ளி வருமா?"

"தெரியலடா குட்டி."

"வரும். நான் வேண்டிக்கிட்டேன்."

"என்னன்னு வேண்டிக்கிட்ட?"

"வரணும்னு." தூளியை நிறுத்திவிட்டு என் காதுக்கு அருகே வந்தாள். "அம்மாகிட்ட சொல்லாத. வரலன்னா தம்பியும் வெளிய ஓடிடும்ல. அப்றம் நான் யாரோட வெளயாடறது?"

அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். அவள் என் கையை விலக்கிவிட்டு மறுபடி தூளியை ஆட்டப் போய்விட்டாள்.

மாமா கதவைக் கொஞ்சமாகத் திறந்து, வெளிச்சம் உள்ளே வராமல் உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றார்.

"என்னா பாப்பா, நாளைக்குக் காலம்பற பாத்துடலாமா?"

பெரியவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம் மாமா. இன்னும் ஒரு மாசம் போவட்டும்."

"இப்ப பாக்கக் கூடாதா? தோலு எளசா இருக்கும்னா?"

"ஆமாம்" என்றேன்.

"செரி, நீ படிச்ச புள்ள, காரணம் இல்லாம சொல்ல மாட்ட" என்று சொல்லிவிட்டு, அவர் கதவைச் சத்தம் வராமல் சாத்திக்கொண்டு போனார்.